ஓதம் ஏறுமிடமெல்லாம் கடற்கரையே

கடலைக் கண்ணாலும் காணாத ஊரில், அலையோசை காதிலும் விழாத தெருவில், கடற்கரைச் சட்டத்திற்கு என்ன வேலை? இவ்வினாவை எழுப்புவோர் இருவகையினர். ஒருவகையினர் அறியாமையாற் கேட்கின்றனர். ஆற்றங்கரையில் ஒரு மனை வாங்கி, வைப்பகத்திற் கடன்பட்டுச் சிறு வீடொன்று கட்ட முனையும் எளிய குடும்பத்தார் அவர். “எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன உறவு?” என்று அவர் கேட்பதிற் கரவில்லை. மற்றொரு வகையினர் நன்றாகத் தெரிந்தே கேட்கின்றனர். அடுக்ககம் கட்டி விற்கும் பெருவணிகரும், அவர்க்கு இசைவு வழங்கிவிட்டுப் பின்னர், ‘அச்சட்டம் கடலோரத்திற்கே உரியது’ என்று கைவிரிக்கும் அலுவலரும் இவ்வகையினர். முன்னவர்க்கு விளக்கம் வேண்டும். பின்னவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை; எனினும் விடையைப் பலரறியச் சொல்லியாக வேண்டும்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் காப்புச் சட்டத்தின் கீழ், நடுவணரசு 1991 பிப்ரவரி 19இல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை முதன்முதலாக வெளியிட்டது. 2011 சனவரி 6இல் அது புதுக்கப்பட்டது. 2019 சனவரி 18இல் மீண்டும் மாற்றப்பட்டது. இம் மூன்றிலும் மாறாது நிற்கும் செய்தி ஒன்றுண்டு. கடற்கரை என்பது மணற்பரப்போடு முடிந்துவிடுவதன்று என்பதே அது. கடல் முகப்பில், உயர் ஓதக் கோட்டினின்று நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை சட்டம் செல்லும். அதனோடு, கடலொடு தொடர்புடைய ஆறு, கழி, காயல் ஆகியவற்றில் ஓதம் எவ்விடம் வரை ஏறி இறங்குகின்றதோ, அவ்விடம் வரை இரு கரைகளிலும் ஒரு பட்டையளவு நிலத்திற்கும் அதே சட்டம் செல்லும்.

அவ்விடம் எது என்பதற்கு 2011ஆம் ஆண்டு அறிவிக்கை ஓர் அளவுகோல் தந்தது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆற்றுநீரை எடுத்து ஆய்ந்தால், ஆயிரம் பங்கில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் எல்லையே ஓதத்தின் எல்லை. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்புண்டு. ஆகவே, கடலின் உவர்ப்பில் ஏழிலொரு பங்கு எவ்வளவு தொலைவு உள்ளே புகுகின்றதோ, அவ்வளவு தொலைவும் சட்டத்தின் கண்ணுக்குக் கடற்கரையே. கடலினின்று எத்தனைக் கல் தொலைவு என்று சட்டம் கேட்கவில்லை. ஊரின் பெயர் என்ன, அஃது உள்நாட்டு நகரா கடலோரப் பட்டினமா என்றும் கேட்கவில்லை. உன் ஊர் ஆற்றில் உப்பு ஏறுகின்றதா என்ற ஒன்றையே கேட்கின்றது.

இதனால் ஊர் முழுதும் சட்டத்திற்குள் வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆற்றின் விளிம்பினின்று குறித்த அளவு நிலம் மட்டுமே அதன் ஆட்சிக்கு உட்படும். அவ்வளவையும் ஆற்றின் அகலத்தையும் ஒப்பிட்டு, இரண்டிற் குறைந்ததைக் கொள்ள வேண்டும் என்பது நெறி. இருபது மீட்டர் அகலமுள்ள சிறு கழியாயின் இருபது மீட்டர்ப் பட்டையே கணக்கு. நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர்க்கு இச் சட்டத்தால் ஒரு செங்கல்லுக்கும் இடரில்லை. கூச்சலிடுவோர் இதனை மறைத்தே கூச்சலிடுகின்றனர்.

தமிழர்க்கு இக் கருத்துப் புதிதன்று. நிலத்தை அளவுகோலால் அன்றி அதன் தன்மையாற் பகுத்தவர் தமிழர். கடலை மட்டுமன்றிக் கடலைச் சார்ந்த நிலத்தையும் சேர்த்தே நெய்தல் என்றனர். கானலும் கழியும் உப்பளமும் நெய்தலே. ஆறு கடலிற் புகும் இடத்திற்குப் புகார் என்றும் கயவாய் என்றும் கழிமுகம் என்றும் மூன்று சொற்கள் இருக்க, அலுவலகத் தாள்களில் இன்றும் ‘முகத்துவாரம்’ என்று எழுதிக்கொண்டிருக்கின்றனர்! சொல்லை இழந்தவன் பொருளையும் இழப்பான் என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஓதம் என்ற சொல் வழக்கில் இருந்த நாளில், ஓதம் ஏறும் கரையில் எவனும் வீடு கட்டான். அச்சொல் மறைந்து, அந்நிலம் ‘ஆற்றுப் புறம்போக்கு’ ஆன பின்னரே அதற்கு விலை வந்தது.

தில்லையை எண்ணிப் பார்க்க வேண்டும். சிதம்பரம் என்று இன்று வழங்கும் அவ்வூர், கடலை நேரே காணாத உள்ளூர். ஆயின் அதன் பழம்பெயர் எதனால் வந்தது? தில்லை என்பது ஒரு மரம். உவர்நீர் ஏறும் கழியோரத்தில், கண்டலோடும் சுரபுன்னையோடும் சேர்ந்து வளரும் மரம். அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுக்கும். இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் கிழக்கே பிச்சாவரத்துக் கழிகளுக்குச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் அக் காடு ஊர் வரை பரந்திருந்தமையாலேயே ஊர் அப் பெயர் பெற்றதென்பது வழிவழிச் செய்தி. உள்நாட்டு ஊர் ஒன்று, தன்னிடம் ஓதம் வந்துபோன கதையைத் தன் பெயரிலேயே பொதிந்து வைத்திருக்கின்றது. அப்பெயரை வடசொல்லால் மூடியதோடு அக் கதையும் மூடுண்டது.

இனி, கடல் எங்கே நம் ஊர் எங்கே என்று இருந்தவர்க்கு நேர்ந்ததைப் பார்ப்போம். பழஞ்சேர நாட்டில், கொச்சியை அடுத்து மரடு என்றோர் ஊர். அலையடிக்கும் கடற்கரை அங்கில்லை. வேம்பநாட்டுக் காயலின் கிளைகளே அதனைச் சூழ்ந்துள்ளன. 2006ஆம் ஆண்டளவில் அவ்வூர் ஊராட்சி, காயலோரத்தில் வானளாவிய அடுக்ககங்கள் கட்ட இசைவு வழங்கியது. கடற்கரை மண்டல ஆணையத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை. 2007இல் மாநில அரசு தலையிட்ட பின் ஊராட்சி விழித்துக்கொண்டு அறிவிப்பு அனுப்பியது. கட்டடக்காரர் உயர்நயன் மன்றத்திற் தடையாணை பெற்றுக் கட்டடத்தைத் தொடர்ந்தனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. சுவர்கள் வழக்கைவிட விரைவாக எழுந்தன. வீடுகள் விற்கப்பட்டன. வாழ்நாட் சேமிப்பைக் கொட்டியவரும், கடல்கடந்து சென்று ஈட்டியதைக் கொணர்ந்தவரும் குடிபுகுந்தனர்.

2019 மே 8இல் உச்சநயன் மன்றம் தீர்ப்பளித்தது. இசைவு வழங்கப்பட்ட காலத்தில் அவ்விடம் கட்டடம் எழுப்பத் தகாத மூன்றாம் வகை மண்டலத்துள் இருந்தது. ஆகவே கட்டடங்கள் அகற்றப்பட வேண்டும் என்பது தீர்ப்பு. இதற்கிடையில் மரடு ஊராட்சி, நகராட்சியாக உயர்த்தப்பட்டிருந்தது. நகரப் பகுதியாயின் நெறிகள் நெகிழும். அதனைக் காட்டித் தப்ப முயன்றனர். ஊராட்சி நகராட்சியாகலாம், பெயர்ப்பலகை மாறலாம். காயலில் ஓதம் பழைய வழியிலேதான் வந்து போயிற்று. 2020 சனவரி 11, 12 ஆகிய இரு நாள்களில், நான்கு அடுக்ககங்களும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 340க்கு மேற்பட்ட வீடுகள், ஒவ்வோர் அடுக்ககமும் சில நொடிகளில், தூளாயின. நாடே அதனைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை பார்த்தோர் கேட்க மறந்த கேள்விகள் உள. வீட்டுக்கு 25 இலக்கம் உருபா இடைக்கால இழப்பீடாக அரசு முதலிற் கொடுத்துப் பின்னர்க் கட்டடக்காரரிடம் பெற்றுக்கொள்ளுமாறு மன்றம் பணித்தது. நல்லதே. ஆயின் இழந்த வீட்டின் விலை அதனினும் பெரிது. இழந்த ஆண்டுகளுக்கு விலையே இல்லை. ஒருபால், அதே காயலோரங்களில் வாழ்வழியாக மீன்பிடிக்கும் ஏழையர் தம் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டவும் இச் சட்டத்தின் பெயரால் இசைவு பெறாது அலைந்தனர். மறுபால், நூறு குடும்பத்துக்கான மாடங்கள் அலுவலர் கண்முன்னே எழுந்தன. குடிசைக்குக் கண்ணிருந்த சட்டத்துக்கு மாடத்தின் முன் கண்ணில்லாமற் போனது எங்ஙனம்? காயல் கெடக் கூடாது என்பதற்காக எழுந்த சட்டம் காயலையும் கெடுத்து, குடியிருந்தோரையும் தெருவில் நிறுத்தி, இடிபாட்டுக் குவியலையும் அக் கரையிலேயே விட்ட கொடுமைக்குக் கரணியம் ஒன்றே. தொடங்குமுன் ‘இங்கே கடற்கரைச் சட்டம் செல்லும்’ என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவருள் முதல்வரான நடுவணரசின் நடையையும் காண்க. 1991இல், ஓதம் ஏறும் ஆற்றின் கரையில் காக்கப்பட வேண்டிய பட்டை 100 மீட்டர் என்றது. மூன்றே ஆண்டில், 1994இல், அதனை 50 மீட்டராகக் குறைத்தது. அதனை எதிர்த்த வழக்கில் 1996 ஏப்ரல் 18இல் உச்சநயன் மன்றம், அக்குறைப்புச் சட்டத்தின் நோக்கத்திற்கே மாறானதென்று தள்ளுபடி செய்தது. மீண்டும் 100 ஆயிற்று. 2011இலும் 100ஆகவே நின்றது. 2019 அறிவிக்கையில் மறுபடியும் 50! மன்றம் வாயில் வழியே வெளியேற்றியதை, இருபத்து மூன்றாண்டு கழித்துப் பலகணி வழியே உள்ளே விட்டனர். இடையில் ஆறு ஒதுங்கிக்கொண்டதா? ஓதம் தன் பாதி வலிமையை இழந்ததா? மாறியது மனையின் விலையே.

ஆற்றங்கரை நகரங்களுக்கே இவ் ஐம்பது மீட்டர் உயிர்நிலை. கடல் முகப்பின் 500 மீட்டர் இன்றும் அப்படியே உள்ளதென்று காட்டி, சட்டம் கெடவில்லை என வாதிடுவோர் உளர். கடல் முகப்பைக் கண்ணுள்ளோர் எல்லாரும் காண்பர்; அங்கே கைவைத்தாற் கூச்சலெழும். யாரும் பாராத உள்ளூர்க் கழிக்கரையிலேயே கை வைக்கப்பட்டது. 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் மூழ்கடித்ததைச் சென்னை மறந்திருக்க முடியாது. மேலிருந்து வரும் வெள்ளமும் கீழிருந்து ஏறும் ஓதமும் ஒரே வேளையிற் சந்தித்தால், நீர் பரந்து நிற்பதற்கு அக் கரைப்பட்டையன்றி வேறிடமில்லை. அதிற் பாதியை விற்பனைக்கு விட்டபின், நீர் எங்கே நிற்கும்? வீட்டுக்குள் நிற்கும்.

அளவுகோலிலும் ஓட்டை உண்டு. வறண்ட காலத்தில் உப்பை அளக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடே. அப்போதுதான் மேலிருந்து நன்னீர் வரத்துக் குறைந்து உவர்நீர் உள்ளேறும். ஆயின் அடையாறு, கூவம் போன்ற ஆறுகளின் கழிமுகம் அக் காலத்தில் மணல்மேட்டால் அடைபடும் இயல்பினது. அடைபட்ட நாளில் அளந்தால், ஓதமே ஏறாத ஆறென்று கணக்கு வரலாம். மேலும், அவ்வாறுகளில் வறண்ட காலத்தில் ஓடுவது பெரும்பாலும் ஊர்க் கழிவுநீர். அஃது ஓயாது கலக்கக் கலக்க உப்பு நீர்த்துப் போகும். அஃதாவது, ஒரு நகரம் தன் சாக்கடையை எவ்வளவு மிகுதியாக ஆற்றில் விடுகின்றதோ, அவ்வளவுக்குக் கடற்கரைச் சட்டம் பின்வாங்கும்! இதனினும் நகைப்புக்குரிய நெறி உண்டா? அன்றியும், உவர்நீர் எடை மிகுந்தது. அஃது ஆற்றின் அடியிற் படிந்தே மேலேறும். மேல்நீரை முகந்து ஆய்ந்தவனுக்கு ஓர் அளவும், அடிநீரை எடுத்தவனுக்கு வேறோர் அளவும் கிடைக்கும். எந்நாளில், எவ்விடத்தில், எவ்வாழத்தில் நீர் எடுக்கப்பட்டது என்பதை வெளியிடாமல், எல்லையை மட்டும் வெளியிடுவது, கணக்கைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் மாணவன் செயலையே ஒக்கும்.

காவிரிப் படுகையின் நிலை வேறு வகையானது. அங்கே கீழ்ப்பாயும் நன்னீரே உவர்நீரைத் தள்ளி நிறுத்தும் காவல். மேல்நாட்டான் நீரை மறித்தால், கடைமடையில் உப்பு மேலேறும்; கிணறு உவர்க்கும். நேற்று ஓதம் தீண்டாத ஊரை நாளை தீண்டும். ஆகவே ஓதத்தின் எல்லை ஒருமுறை வரைந்து சட்டமிட்டு மாட்டிவைக்கத் தக்கதன்று. காலந்தோறும் அளக்கத் தக்கது.

பிற நாட்டார் இச் சிக்கலை எவ்வாறு தீர்த்தனர்? இலங்கையின் 1981ஆம் ஆண்டுக் கடற்கரைக் காப்புச் சட்டம், கடல் முகப்பில் 300 மீட்டர் என்று வைத்து, கடலொடு சேரும் ஆற்றிலும் களப்பிலும் உள்நோக்கி 2 கிலோமீட்டர் வரை கடற்கரை மண்டலம் என்றது. களப்புகளைச் சூழ வாழும் மட்டக்களப்புத் தமிழர்க்கு அஃது எளிதில் விளங்கும் அளவு. ஆயின் ஓதம் அவ்வெல்லையோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலமோ தன் நிலம் முழுவதையுமே கடற்கரை மண்டலமாகக் கொண்டுவிட்டது. மாநிலத்தின் நடுவே உள்ள ஓர்லாண்டோ நகரும் அதில் அடங்கும். தாழ்ந்த நிலமாதலின் எவ்விடமும் கடலின் பிடியில் உள்ளதென்று அவர்கள் உணர்ந்தனர். அத்துணை வேண்டா, அறிவிக்கையில் எழுதியுள்ளதை எழுதியவாறு நிறைவேற்றினாலே இங்குப் போதும்.

நிறைவேற்றுவதற்கு வரைபடம் வேண்டும். மாநில அளவிலான கடற்கரை மேலாண்மை வரைபடம் 1:25,000 என்ற அளவில் வரையப்படுகின்றது. அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 25 மீட்டர். காக்கப்பட வேண்டிய 50 மீட்டர், தாளில் இரண்டே மில்லிமீட்டர்! கோட்டின் தடிப்பிலேயே ஒரு குடும்பத்தின் மனை மறைந்துவிடும். அக்கோட்டுக்குத் தன் வீடு உள்ளா புறமா என்று எவ்வுழவர், எம் மீனவர் கண்டறிவார்? ஊர்ப்புலப்பட அளவில், ஏறத்தாழ 1:4,000இல், புல எண்ணோடு வரைந்த படமே குடிமக்களுக்குப் பயன்படும். 2019 அறிவிக்கைக்கேற்பத் திருத்திய வரைபடம் ஒப்புதல் பெறும்வரை, முந்தைய வரைபடமே செல்லும் என்பது அவ் அறிவிக்கையின் கூற்று. திருத்துமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதும் நெறி. கருத்துக் கேட்பது எம்மொழியில்?

நடுவண் அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றது. கழிக்கரைத் தமிழனின் வீட்டைக் கட்டுப்படுத்தும் ஆணை, அவன் படிக்கவியலாத இரு மொழிகளில் அவனுக்கு ‘அறிவிக்கப்படுகின்றது’. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதனை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுமாறு தில்லி உயர்நயன் மன்றம் சூன் 30இல் ஆணையிட்டது. நடுவணரசு அவ்வாறு செய்ததா? அவ்வாணையை எதிர்த்து உச்சநயன் மன்றத்திற்குச் சென்றது. மக்களுக்குப் புரியும் மொழியில் சொல்லாதிருப்பதற்கு வழக்காடிய அரசு, மக்கள் சட்டத்தை அறியவில்லை என்று எவ்வாய் கொண்டு குறை கூறும்?

தமிழக அரசு தில்லியை எதிர்நோக்கி நிற்க வேண்டுவதில்லை. நிலமும் நிலப்பதிவும் மாநிலத்தின் கையிலேயே உள்ளன. ஓதம் ஏறும் ஒவ்வோர் ஆற்றிலும் கழியிலும் எல்லையை அளந்து, அளந்த நாளும் ஆழமும் குறித்து, இரு கரையிலும் கல் நட்டு, அக்கல்லில் தமிழில் எழுதி வைக்கலாம். அக் கோட்டுக்குட்பட்ட புல எண்களை ஊராட்சி, நகராட்சி அலுவலகங்களில் ஒட்டலாம். இன்று மனை வாங்குவோன் பட்டாவைப் பார்க்கின்றான். பதிவு அலுவலகத்திற் காசு கட்டி வில்லங்கச் சான்று எடுக்கின்றான். முப்பதாண்டு விற்பனையும் அடைமானமும் அதில் வரிசையாக வருகின்றன. அம் மனையின் மேல் கடலுக்கு உள்ள அடைமானம் மட்டும் அதில் எழுதப்படுவதில்லை. அதற்கென ஒரு வரி சேர்ப்பதற்குப் பதிவுத்துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.